வாசலில் வந்து நின்றவர்

யுத்தம் முடிந்த மறுவருஷம், திருச்சுழியில் சீமெண்ணெய் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இளம்பெண், தன் ஊர்க்காரி ஒருத்தியிடம் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரக முகம் எனக்கு மறந்துபோச்சுக்கா."

"என்னடி சொல்ற?"

"கல்யாணமான ரெண்டாம் மாசமே பர்மாச் சண்டைக்குப் போயிட்டாக. ஒரு போட்டோகூட இல்லை. கூடப் போனவுகல்லாம் திரும்பிட்டாக. இவுக என்ன ஆனாகன்னு யாருக்கும் தெரியலை."

"வந்துருவாக தாயி. மனசை விட்டுறாத."

"நேத்துக் கனவுல வாசல்ல வந்து நின்னாக. 'நீங்க யாரு, என்ன வேணும்?'னு கேட்டேன். அப்படியே திரும்பி நடந்துட்டாக. முழிச்ச பெறகுதான் அது அவுகன்னு உறைச்சுச்சு."

ஊர்க்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கனவுலகூட ஒரு வார்த்தை 'வாங்க'ன்னு கூப்பிடலையேக்கா நான்."