வான் ஜெயபுரத்தடியில் நின்றால்

பிள்ளைகள், கிளிநொச்சியில் பெற்றோல் எடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பழைய வான். உள்ளே வயதான ஒரு புருஷனும் பெண்சாதியும். யன்னலால் அவர்கள் கதைப்பது வடிவாகக் கேட்டது.

“இந்த வான் ஜெயபுரத்தடியிலை பழுதாகி நிண்டால் நல்லம்,” என்றா அந்த அம்மா.

“வெளிக்கிடேக்கை சொல்லுற கதையே இது? அப்பிடி நிண்டால் எண்டுதானே கயிறும் ரயரும் ஏத்தினனான்.”

“கயிறு கிடந்தால் காணுமே? மன்னார் றோட்டிலை ஆர் வந்து இழுக்கிறது?”

“பரந்தன் கராச்சிலை வாகனம் இழுக்கிற லொறி ஒண்டு இருக்கு. நம்பர் வாங்கிட்டன்.”

“பரந்தனிலை இருந்து அது வந்து சேரப் பொழுதுபட்டிடும். ஜெயபுரத்திலை உங்கடை மகன்ரை லொறி நிக்குது, அதுவும் வாகனம் இழுக்கிறதுதான்.”



“வயலை வித்து லொறி வாங்கினவனோடை எனக்குக் கதை இல்லை.”

“நீங்கள் மகனோடை கதைக்க வேண்டாம். வான் இழுக்க வாறவனோடை கதையுங்கோ. நான் அவன்ரை முகத்தை ஒருக்காப் பாத்திட்டு வாறன்.”

“நான் எண்டு தெரிஞ்சால் வருவானே?”

“றோட்டிலை நிக்கிறது ஆர் எண்டு கேக்காமல் வாறவனாம். சனம் சொல்லுது.”

வரிசை நகர்ந்தது. அவர் திறப்பைத் திருப்பினார். வான் ஒரு கரைச்சலும் இல்லாமல் ஸ்ராட் வந்தது.

“சத்தம் ஒரு மாதிரிக் கிடக்கு,” என்றார். “எதுக்கும் அவன்ரை நம்பரையும் ஆரிட்டையாவது கேட்டு வை.”

“அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்,” என்றா அந்த அம்மா.