மஞ்சள் புள்ளி வைத்த ஆயில் கூலர்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் மேலே எழுதியிருக்கிறது. வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக வேன் மெக்கானிக். தெருவில் என்னை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்; அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. யாரும் அழைக்காமல் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

விபத்துக்குள்ளான வேனை ஓட்டியவர் என் அக்காவின் கணவர். தையல் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. சென்ற மாதம் என்ஜினில் பேரிங் அரைத்துப்போய் வண்டி என் பட்டறைக்கு வந்தது. முழு என்ஜின் வேலை என்றால் கடைசி ஆணிவரை பிரித்து, கழுவி, அளந்து, தேய்ந்ததை மாற்றிப் பூட்ட வேண்டும், பத்து நாளாகும். அரை என்ஜின் என்றால் பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாம் சேர்ந்த கீழ்ப்பாதி புதிதாக வந்து இறங்கும்; பழைய ஹெட்டையும் மற்ற பாகங்களையும் சுத்தம் செய்து அதன்மேல் மாட்டிவிடலாம்; நாலு நாள் போதும். ஐந்தாம் நாள் வண்டி வரவில்லை என்றால் தொழிற்சாலையில் வேறு வேன் வைத்துக்கொள்வார்கள் என்று அவர் தவித்தார். "அரை என்ஜின் போதும் மாமா, நான் இருக்கேன்ல" என்று சொன்னது நான்தான்.

அரை என்ஜின் தப்பான வேலை இல்லை என்பதை அய்யா அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் பேரிங் அரைத்த வண்டியில் இரும்புத்தூள் ஆயிலோடு ஓடிப்போய், ஆயிலைக் குளிர வைக்கும் கூலருக்குள் தங்கிவிடும். கூலரைப் பிரித்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும். விட்டால் அந்தத் தூள் புது என்ஜினையும் தின்றுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலாம் நாள் மதியம் கூலரில் கை வைத்தேன். போல்ட் துருவேறி அசையவில்லை. பலமாக முறுக்கினால் கூலர் மூடி உடையும், புதியது வர இரண்டு நாளாகும். எங்கள் பட்டறையில் பிரித்துக் கழுவிய பாகத்தில் மட்டும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். புள்ளி வைத்ததை யாரும் மறுபடி தொட மாட்டார்கள். நான் கூலரை வெளியே மட்டும் துடைத்துவிட்டுப் புள்ளி வைத்தேன். சாயங்காலம் மாமா வந்து டார்ச் அடித்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். "கூலரும் ஆச்சா?" என்றார். "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதன் பிறகு பத்தொன்பதாம் நாள் காலை, பாலத்து இறக்கத்தில் என்ஜின் இறுகி, பின்சக்கரம் சுற்றாமல் இழுத்துக்கொண்டு போய் வேன் சுவரில் மோதியது. ஒரு பெண் இறந்துபோனார். வண்டியைத் தூக்கப் போனவனும் நான்தான். சீட்டுக்கடியில் மூடி திறக்காத சாப்பாட்டுப் பாத்திரம் ஒன்று கிடந்தது.

அதன் பிறகு வாகன ஆய்வாளர் வந்து, புள்ளிகளைப் பார்த்து விவரம் கேட்டார். புள்ளி இருந்தால் கழுவியது என்ற வழக்கத்தை மட்டும் சொன்னேன். வேலை புதிது, பழுதில்லை, மோதியதில்தான் என்ஜின் இறுகியது என்று எழுதிக்கொண்டு போனார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமாவின் காலில் கட்டுப் போட்டிருந்தது, கதவருகில் காவலர் இருந்தார். மாமா மெதுவாக, "கண் அசந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன் மாப்ளே. நீ எதையும் ஒளறி வைக்காத. உங்க அக்காவுக்கு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தனாவது வெளிய வேணும்" என்றார். நான் எழுந்தபோது கையைப் பிடித்து, "ஆனா ஒண்ணுடா, கூலர்லதான் புள்ளி இருந்துச்சே, அப்புறம் எப்படி இறுகிச்சு?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பதில் இதுதான்.

அவர் தூங்கவில்லை. கூலரை அறுத்துப் பார்த்தால் தூள் இருக்கும். இறந்தவருக்கும் மாமாவுக்கும் நான் செய்தது துரோகம்.

இதை எனக்குப் படித்துக் காட்ட வந்தார்கள். வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது. பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)