நேரா வெச்ச தலை

தணிகாசலா, இந்த வண்டியிலயாவது அடியேனை ஏத்திவிடப்பா... உங்களைச் சொல்லலீங்க, மலைமேல இருக்கறவரைச் சொன்னேன். ஆங், உக்காருங்க. மெட்ராஸ் வண்டி இதோ வருது இதோ வருதுன்னு அரைமணியா சொல்லிகினே இருக்கான்.

நானா? மலைக்கோயில் மடப்பள்ளியிலங்க. பாலசுப்பிரமணியன். முப்பது வருஷமா அவருக்குப் பொங்கல் கிளறிகினு இருக்கேன்.

பொண்ணு விஷயமாப் போறேன். ஹம்சா, பத்தொம்பது வயசு. கீழ்த்தாடை கொஞ்சம் எடப்பக்கமா ஒதுங்கியிருக்கு, மென்னா வலிக்கும். பல்லுக்குக் கம்பி போட்டு ரெண்டு வருஷம் ஆவுது. தலையைச் சுத்தி வந்து ஒரு மிஷின் படம் எடுக்குதுங்க. வீதி உலாவுல உற்சவரை நாலு பக்கமும் தரிசிக்கற மாதிரி, மண்டையோட்டையே கம்ப்யூட்டர்ல திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க.

மொதல் படத்துல தாடை ரெண்டு மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்துதாம். போன மாசம் எடுத்ததுல அஞ்சு. எலும்பு கோணலா வளருது, இது கம்பிக்கு அடங்காது, அறுத்துத்தான் சரி பண்ணணும்னுட்டாங்க வித்யாலக்ஷ்மி டாக்டரம்மா. நாளன்னைக்கு மெட்ராஸ்ல ஆபரேஷன்.

இருங்க, வருதா? சே, கூட்ஸு.

ஆங், மிஷின் பொய் சொல்லாதுதாங்க. தலை எப்படி இருக்கோ அப்படித்தான அது காட்டும்? மோவாயைத் தட்டுல வெச்சு, நெத்திக்குப் பட்டை கட்டி, செவப்பு வெளிச்சக் கோடு மூக்குத்தண்டு மேல நேரா விழறாப்புல வெப்பாரு, அங்க படம் எடுக்கற ராஜமாணிக்கம். ரெண்டு வாட்டியும் தலை ஒரே மாதிரி இருக்கணும், துளி திரும்பினாலும் தாடை ஒதுங்கினாப்புல தெரியும்னு அவரே சொன்னாரு. திரும்பியிருந்துதுன்னு தெரிஞ்சா கம்ப்யூட்டர்லயே நேராக்கி அளந்துக்கலாமாம். தெரியணுமே.

போன்லயா? நாலு வாட்டி போட்டேங்க. டாக்டரம்மா குரல் கேட்டதும் வெச்சுட்டேன். அதான் நேர்லயே சொல்லிடலாம்னு போறேன்.

ரெண்டாவது படம் எடுத்த அன்னைக்குக் கிருத்திகை. இங்க மலையில உச்சிகால பூஜை நேரம். மிஷினை ஓட்ட ராஜமாணிக்கம் மொதல்ல வெளிய போனாரு, நான் ஒரு நொடி பின்தங்கினேன். இந்த நேரத்துல கொழந்தை தணிகைக்கு முகம் காட்டாம உக்காந்திருக்காளேன்னு மனசு கேக்கல. பட்டையைத் தளத்தி, முகத்தை மேற்கால ஒரு வெரக்கடை திருப்பி, அப்படியே இரும்மான்னுட்டு வந்துட்டேன். மெட்ராஸுக்கு மேற்காலதான நம்ம தணிகை, அது அவளுக்கு எடக்கைப் பக்கம். அசையவே இல்ல பாவம், அப்பா சொல்லாச்சே.

டாக்டரம்மா அஞ்சுன்னு சொன்னப்ப நானும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்.

இதோ, வந்துட்டுது. பையை எடுத்துக்கறேங்க. காது குடுத்துக் கேட்டீங்களே, அந்த வேலவன் உங்க வூட்டுல ஒரு குறையும் வெக்கமாட்டான். வேற யார் காதுல விழுந்திருந்தாலும் அவங்க புள்ளைங்களும் நல்லாருக்கட்டும்.