ஓடுபாதைக் கூண்டிலிருந்து

நைனா, வெள்ளிக்கிழமை உங்கள் பாத்திரக்கடைக்கு வந்தபோது கவனித்தேன், காபியில் இன்னும் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறீர்கள். வேதநாயகி அம்மாவும் எத்தனை தடவைதான் சொல்வார்கள். அதை முதலில் குறையுங்கள்.

அன்று ஒரு கேள்வி கேட்டீர்கள். மனுமேல் மனுப்போட்டு வாங்கிய விசாரணை அறிக்கையை என் கையில் திணித்தீர்கள். "இன்னா எழுதியிருக்கானுங்க பாரு வீரமணி. விமானியின் தவறாம். எம்புள்ள தப்பா? நீ அங்கதான இருந்த, சொல்லு."

உள்ளேயிருந்து அம்மா, "அந்தக் காயிதத்தையே துன்னுக்கினு இருங்க, இங்க சோறு ஆறுது" என்றார்கள். நீங்கள் எழுந்திருக்கவில்லை. பஜாரில் இளமாறனுக்கு வைக்க இருந்த நினைவுக் கல்லை, இந்த அறிக்கையைப் படித்ததும் வணிகர் சங்கத் தலைவர் கோதண்டராமன் நிறுத்திவிட்டார் என்றீர்கள். "அந்தக் கல்ல பாத்துட்டா நான் நிம்மதியா போய்டுவேன்டா" என்றும் சொன்னீர்கள். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் பதில் சொல்லாமல் வந்தேன். நிதானமாக எழுதுவதே நல்லது.

விமானப்படைத் தளத்தில் இளமாறன் போர் விமானம் ஓட்டும் அதிகாரி. நான் அதே தளத்தில் சாதாரணச் சிப்பாய். செஞ்சியில் 'டா' போட்டுப் பேசியவனுக்கு அங்கே சல்யூட் அடித்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. யாரும் இல்லாதபோது, "சார் மோருன்னு சொன்ன, செவுள்ல வுடுவேன்" என்பான்.

என் வேலை என்னவென்று உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். தரையிறங்கும் முன் விமானி சக்கரங்களைக் கீழே இறக்க வேண்டும். இறங்கியதற்கு அடையாளமாக அவன் எதிரில் மூன்று பச்சை விளக்குகள் எரியும். 'மூன்று பச்சை' என்று ரேடியோவில் சொன்னால் கோபுரத்தில் இருப்பவர்கள் அனுமதி தருவார்கள். ஆனால் தினமும் சொல்லிப் பழகிய வாய், சில நாள் விளக்கைப் பார்க்காமலே சொல்லிவிடும். அதற்காகத்தான் ஓடுபாதையின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கூண்டு. அதில் ஒருவன் பைனாகுலரோடு உட்கார்ந்து, வருகிற விமானத்தின் வயிற்றைப் பார்ப்பான். சக்கரம் இல்லையென்றால் வானத்தில் சிவப்பு வெளிச்சத்தைச் சுடுவான். விமானி மறுபடி மேலே ஏறிவிடுவான்.

நாலு வருஷத்தில் நான் இரண்டு முறை சுட்டிருக்கிறேன். தப்பித்தவன் கூண்டுக்காரனுக்குப் பிரியாணி வாங்கித் தருவது எங்கள் தளத்து வழக்கம். இரண்டாவது பிரியாணி இளமாறன் வாங்கித் தந்தது. லெக் பீஸை என் தட்டில் வைத்து, "நைனாகிட்ட சொல்லிடாதடா, சிரிப்பாரு. நீ கூண்டுல இருக்கசொல்ல எனக்கு இன்னா பயம்" என்றான்.

ஸ்ரீநிதி என் மாமன் மகள். அவள் பிறந்தபோதே என் அம்மா எனக்கென்று பேசிவைத்தது ஊருக்கே தெரியும். ஜெயராமன் மாமா பிறகு அதிகாரி மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வார். அவளும் சம்மதித்தாள். நான் கோபப்படவில்லை. முதல் பத்திரிகையை இளமாறன் கூண்டுக்கே கொண்டுவந்தான். "மொறப்பையன்னு கோச்சிக்கினு வராம இருந்துடாத. மாப்பிள்ளத் தோழன் நீதான்" என்றான். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் பயிற்சி முடிந்து திரும்பினான். முதல் முறை இறங்க வந்தபோது பருந்துகள் குறுக்கிட்டன. சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இரண்டாம் முறை சக்கரத்தை மறந்துவிட்டான். வாய் 'மூன்று பச்சை' என்றது. கோபுரம் அனுமதித்தது. அறிக்கையில் உள்ளது சரிதான், நைனா.

விசாரணையில் என்னையும் கேட்டார்கள். கானல் ஆடியதால் சக்கரம் இருப்பதுபோலத் தெரிந்தது என்றேன். அதிகாரிகள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். கானல் ஓடுபாதையின்மேல்தான் ஆடியது. அவன் அதற்கு மேலே, சுத்தமான வெளிச்சத்தில் வந்துகொண்டிருந்தான். விமானத்தின் வயிற்றில் இருந்த எண்ணெய்க் கறைகூடத் தெரிந்தது. சக்கரம் இல்லை.

என்னிடம் பத்து விநாடி இருந்தது. பத்து விநாடி நாம் நினைப்பதுபோல அவ்வளவு குறைவில்லை. வயிற்றால் இறங்கினால் பெரும்பாலும் விமானி எழுந்து நடந்து வந்துவிடுவான். பறக்கும் வேலை போகும், மாமா கொஞ்சம் யோசிப்பார். அவ்வளவுதான் நினைத்தேன். வயிற்றுக்குக் கீழே எரிபொருள் தொட்டி தொங்கியதையும் பார்த்தேன். அதை உங்களிடம் மறைக்கக் கூடாது. கையிலிருந்த வெளிச்சத் துப்பாக்கியை, உருண்டு விழுந்துவிடாதபடி, மேசைமேல் வைத்தேன்.

தீ உடனே பிடித்துக்கொண்டது. முதலில் அவனிடம் ஓடியவன் நான்தான். என் வலது கையின் தழும்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கையில் முகத்தை வைத்துத்தான் அன்று அழுதீர்கள்.

ஒரு வருஷம் கழித்து முறைப்படி ஸ்ரீநிதியை எனக்குக் கொடுத்தார்கள். இளமாறன் கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்திருந்த பாத்திரங்களை நீங்களே கொண்டுவந்து தந்தீர்கள். நான் வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலை ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்தேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறவர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பிரேக்கைப் பார்க்காமல் ஒரு வண்டியையும் நான் விடுவதில்லை. மிலிட்டரி ஆள் என்றால் இப்படித்தான் என்று மெச்சிக்கொள்கிறார்கள். ஸ்ரீநிதிக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் நினைவு நாளில் அவள் சாப்பிட மாட்டாள். நான்தான் கெஞ்சி இரண்டு வாய் ஊட்டிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறோம். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம், வீணாக டென்ஷன் ஆவாள். கல்லை வைக்கச் சொல்லி கோதண்டராமனிடம் நானே பேசுகிறேன். மறதி எல்லோருக்கும் வருவதுதான். அதற்காக ஒருவன் பெயரை அழிப்பது நியாயமில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷமாக எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன், நைனா. இளமாறனைத் தவிர வேறு யார்மேலும் எனக்குத் தவறு தெரியவில்லை.