புடிங்க, விட்டுடாதீங்க

என் பெயரும் முகவரியும் சனிக்கிழமை இந்தக் காவல் நிலையத்தில் நான் கையெழுத்திட்ட தாளில் உள்ளபடியே. வயது இருபத்தேழு. தாவரவியல் பட்டதாரி, குழந்தை பிறந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமைத் தாள் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது, நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். இதை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

மூன்று வருடத்தில் கணவருக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது இதுவே முதல் தடவை. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு வரலாம் என்று வெள்ளிக்கிழமை ரயிலேறி, மறுநாள் காலை இந்த ஊருக்கு வந்தோம். மருந்து, மாற்றுடை, போர்வை என்று நான் கட்டிய மூட்டையைப் பார்த்து, "அங்க என்ன குடித்தனம் வைக்கவா போறோம்?" என்று கணவர் சிரித்தார். மகளுக்கு வயது மூன்றரை. அவள் கவுனின் உள்பக்கம் என் போன் நம்பரைத் தைத்திருந்தேன். தெரியாதவர் யாராவது தூக்கினால் பலமாகக் கத்த வேண்டும் என்று ரயிலில் மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன்.

அதன் பிறகு மாலை நான்கு மணிக்குக் கடற்கரைக்குப் போய், குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவரிடம் ஒரு குடை எடுத்தோம். அவருக்கு வயது அறுபது இருக்கும். குடையை மணலில் ஊன்றிவிட்டு, "நிழலுக்குத்தாம்மா வாடகை, காத்து சும்மாதான்" என்றார்.

அதன் பிறகு கணவர் குடிக்க ஏதாவது வாங்கிவரப் போனார். நான் துண்டு எடுக்கப் பைக்குள் குனிந்தேன். நிமிர்ந்தபோது மகள் நாற்பதடி தள்ளித் தண்ணீருக்குள் நின்றாள். அலை அவள் இடுப்புக்கு வந்தது. குடைக்காரர் அவளுக்குப் பக்கத்தில், கரையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் நான், "புடிங்க! புடிங்க! விட்டுடாதீங்க!" என்று கத்தினேன். அவர் ஓடிப்போய், அடுத்த அலைக்கு முன் அவளைத் தூக்கிக்கொண்டார். மகள் நான் சொல்லிக்கொடுத்தபடியே கத்தினாள். அவர் தண்ணீரை விட்டு வேகமாக மேலே வந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று அந்தத் தாளில் இருக்கிறது. அவர் ஓடி வந்தது என்னிடம்.

அதன் பிறகு, என் சத்தம் கேட்டுத் திரும்பி வந்த என் கணவர் மகளைப் பிடுங்கிக்கொண்டு அவரை முதலில் அடித்தார். "புள்ள புடிக்கிறவன்டா!" என்று ஒரு குரல் கேட்டது. பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். குடைக்கம்பாலும் அடித்தார்கள். அவர், "அம்மா, நீங்க சொல்லுங்கம்மா" என்று இரண்டு முறை என்னிடம் சொன்னார். நான் மகளை வாங்கி அணைத்துக்கொண்டு நின்றேன். அவர் கையில் மகளின் ஒரு செருப்பு இருந்தது.

நேற்று விடுதி அறையில் கணவர், "நீ வாயத் திறந்தா நான் உள்ள போகணும். பாப்பாவ நெனச்சுப் பாரு" என்றார். நினைத்துப் பார்த்தேன்.

இன்று, மகளுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். குடைக்காரர் இன்னும் கண் திறக்கவில்லை. கையைக் கட்டிலோடு விலங்கிட்டிருக்கிறார்கள். வெளியே பெஞ்சில் இருந்த அவர் மனைவி, நாங்கள் யாரென்று தெரியாமல், மகள் உட்கார நகர்ந்து இடம் கொடுத்தார். அதன் பிறகு நேராக இங்கே வந்தேன்.

யாரைப் பிடிக்கச் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்கிறார். குழந்தையை. அந்தச் சொல்லை அன்று நான் சொல்லவில்லை. கத்தும்போது நேரம் இல்லை. பிறகு நேரம் இருந்தது, அப்போதும் சொல்லவில்லை.

எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை, எல்லாம் நடந்தது நடந்தபடி. ஐந்தாம் பத்தியில் 'யாரோ' என்று எழுதியிருந்ததை அடித்து 'என் கணவர்' என்று திருத்தியது நானே. திருத்தத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)