மஞ்சள் கோடு

காபி நன்றாக மணக்கிறது, ஐயா. கொஞ்சம் ஆறட்டும். ஓசியில் வருகிற எதையும் நான் உடனே வாய்க்குக் கொண்டுபோவதில்லை. அது வளர்ப்பு, உங்களைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்தச் சொன்னால்கூட என் அம்மா முதலில் "எதுக்கு?" என்பாள். அப்பா இந்த மாவட்டத்தில் செத்துப்போனவர்களின் வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கி, உயிரோடிருப்பவர்களுக்குச் சில்லறையாக விற்றவர். அந்தக் கடையை அவருக்குப் பின் நான் நடத்தினேன். வெண்டல் ஸ்ட்ராட்மன் என்றால் ஆற்றோரம் முழுக்கத் தெரியும். உங்கள் அப்பாவுக்குக்கூட ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஓடுகிறதா?

டார்லா கெட்டல்சனைப் பற்றிக் கேட்டீர்கள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கடையை விற்றபிறகு எனக்குப் பொழுது போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு செத்த விவசாயியின் சோளக் கிடங்கில் அந்த வண்டி கிடைத்தது. முப்பத்தெட்டாம் வருஷத்து ஹார்லி மோட்டார் சைக்கிள். வண்டி என்று சொல்வது மரியாதைக்கு. பால் கேன்களிலும் வாளிகளிலும் உதிரியாகக் கிடந்தது. உடைந்த அலமாரியைச் சேர்க்கத் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். குளிர்காலம் முடிவதற்குள் இருந்ததையும் கெடுத்துவிட்டு, கார்புரேட்டரை மட்டும் துணியில் சுற்றி டேவன்போர்ட் உதிரிபாகச் சந்தைக்கு எடுத்துப்போனேன்.

டார்லா அங்கே கடை விரித்திருந்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள். தட்டைவிடப் பெரிய பன்றி இறைச்சி வறுவலை ரொட்டிக்குள் வைத்துத் தின்றுகொண்டே என் கார்புரேட்டரைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதை யாரு பிரிச்சது?"

"நான்தாம்மா."

"உளி வச்சா?"

"ஸ்க்ரூடிரைவர்."

"ஸ்க்ரூடிரைவருக்கு இவ்வளவு கோபம் வராதே. என்ன தொழில் பண்றீங்க?"

"வியாபாரம்."

"அதானே பாத்தேன். கொண்டாங்க வியாபாரி, எல்லாத்தையும் என் கொட்டகைக்குக் கொண்டாங்க. நான் செஞ்சு தர மாட்டேன், சொல்லித் தரேன். கை உங்களது, திட்டு என்னது."

"அதுக்கு நான் உனக்கு என்ன தரணும்?"

"மத்தியானச் சாப்பாடு வாங்கிட்டு வாங்க. வெள்ளரி ஊறுகாயை மறந்துட்டு வந்தா திருப்பி அனுப்புவேன்."

என் சந்தேகம் அந்த ஊறுகாயில்தான் தொடங்கியது. விலை சொன்னால் பேசிக் குறைக்கலாம். சொல்லாத விலையை எப்படிக் குறைப்பது? வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்தேன். எஞ்சின் கூடு இரண்டு பாதிகளாக, சிப்பியைப் பிளந்ததுபோல இருக்கும். இரண்டு பாதியின் உள்விளிம்பிலும் ஓர் ஊசியால் என் அடையாளத்தைக் கீறிவைத்தேன். அடுத்தவர் பொறுப்பில் விடுகிற எதிலும் அப்பா அப்படிக் கீறுவார். சரக்கு மாறினால் தெரிந்துவிடும்.

அவள் நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள், அதை மறைக்க மாட்டேன். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தத்தைக் கேட்டே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்ல வைத்தாள். பிஸ்டன் வளையத்தை நான் உடைத்தபோது, "பரவாயில்ல, வளையம் உங்களைப் பழகிக்குது" என்றாள். எனக்கு அந்தக் கொட்டகை பிடித்திருந்தது. அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டே எண்ணெய்க் கையோடு சாப்பிடுவது பிடித்திருந்தது. எனக்கு ஒன்று பிடித்துப்போனால் நான் இன்னும் உஷாராகிவிடுவேன். சரக்கு பிடித்துப்போன முகத்தோடு வாங்க வந்தவர்களிடம்தான் நாங்கள் அதிகம் சம்பாதித்தோம்.

அவள் கொட்டகையில் மீறக்கூடாத முறை ஒன்று இருந்தது. ஒரு நட்டை நான் இறுக்கினால் அவளைக் கூப்பிட வேண்டும். அவள் தன் ஸ்பேனரை வைத்து ஒருமுறை பார்ப்பாள். பிறகு மஞ்சள் பெயிண்ட் பேனாவால், நட்டின்மேலும் அதை ஒட்டிய இரும்பின்மேலும் சேர்த்து ஒரு கோடு இழுப்பாள். நட்டு பின்னால் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

"இறுக்கினவர் கோடு போடக் கூடாது, வியாபாரி. நம்ம கை நம்மகிட்டயே பொய் சொல்லும். மஞ்சள் இருந்தா நான் பாத்தாச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல அந்தப் பக்கம் நான் திரும்பக்கூட மாட்டேன்."

இன்னொரு முறையும் உண்டு. சேர்த்து முடித்த வண்டியில் முதல் ஓட்டம், கோடு போட்டவருடையது. சொந்தக்காரன் அன்றைக்கு வாசலில் நின்று பார்க்க வேண்டியதுதான். ஏன் என்று கேட்டேன். "கழண்டு விழுந்தா நான் விழணும், நீங்க விழக் கூடாது" என்றாள். கேட்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. என் வண்டியில் என்னை முந்திக்கொண்டு ஏறுகிறவள், நாளைக்கு எதைச் சொந்தம் கொண்டாட மாட்டாள்?

முதல் நாளே அவள் எஞ்சின் கூட்டின் அடிப்புறத்தைத் துடைத்துப் பார்த்தாள். தொழிற்சாலையில் இரண்டு பாதியையும் ஜோடியாகக் கடைந்து, அடிவயிற்றில் இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்தியிருப்பார்கள். ஜோடி மாறாத கூடு என்றால் பழைய வண்டிக்காரர்கள் உலகத்தில் தனி மரியாதை. அவள் பார்த்தாள், "ம்" என்றாள், கவிழ்த்து வைத்துவிட்டாள். அந்த "ம்" எனக்குத் தெரியும், ஐயா. ஒரு விதவையின் பரணில் நல்ல பொருளைக் கண்டால் நான் சொல்கிற "ம்" அது.

அடுத்த வசந்தத்தில் ஒருநாள் போனபோது மேசையில் கூடு இல்லை. கேட்டதற்கு, "கடைசல் பட்டறைக்குப் போயிருக்கு, உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை? ஊறுகாய் எங்க?" என்றாள். கொட்டகையின் மூலையில் எப்போதும் அவளுடைய நீல வண்டி ஒன்று நிற்கும். அவள் அண்ணன் விட்டுப்போனது, ஞாயிறு தவறாமல் ஓட்டுவாள். அதுவும் இல்லை. "அதுவும் ஒரு வேலையா வெளிய போயிருக்கு" என்றாள். ஊருக்கே வண்டி சேர்த்துக் கொடுக்கிறவள் தன் வண்டியை வெளியே வேலைக்கு அனுப்புவாளா? மனதில் குறித்துக்கொண்டேன்.

கூடு திரும்பி வந்தது. அடிப்புறம் முழுக்க டேப் ஒட்டியிருந்தது. "பெயிண்ட் காயணும், நான் சொல்ற வரைக்கும் அந்த டேப்பைத் தொடக் கூடாது." அவள் கை கழுவப் போன நேரத்தில் உள்விளிம்பைப் பார்த்தேன். ஒரு பாதியில் என் கீறல் இருந்தது. இன்னொரு பாதியில் இல்லை.

கூட்டை இருந்தபடியே வைத்துவிட்டேன். டேப்பைப் பிரித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பிரித்தால் நான் சந்தேகப்படுவது அவளுக்குத் தெரிந்துபோகும். எங்கள் தொழிலில் சந்தேகத்தை வெளியே காட்டியவன் பேரத்தில் தோற்றவன். அதோடு, பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது? நல்லதை எடுத்துக்கொண்டு போலியை வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனையோ கடிகாரங்களுக்கு நானே செய்திருக்கிறேன். உங்கள் அப்பாவுடையது நல்ல கடிகாரம்தான், கவலைப்படாதீர்கள்.

அதற்குப் பிறகு அவள் போனில் பேசியது காதில் விழுந்தது. அந்தப் பக்கம் ரஸ் பிட்னர். தானியக் கிடங்குகளின் முதலாளி, பழைய வண்டிகளைக் கண்ணாடிக் கொட்டகையில் நிறுத்தி, ஓட்டாமல் துடைத்துக்கொண்டே இருக்கிற மனிதர்.

"நீ கேட்டதுக்கு நான் ஒத்துக்கிட்டாச்சுல்ல, ரஸ்? அப்புறம் என்ன. கிழவருக்கு இப்பத் தெரிய வேண்டாம். முதல் ஓட்டத்தன்னிக்கு நீயும் வந்துரு. அவர் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்."

இதைக் கேட்டபிறகு நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நியாயமாகச் சொல்லுங்கள். நல்ல பாதியை ரஸ்ஸுக்கு விற்றாயிற்று, மிச்ச வண்டியையும் முதல் ஓட்டத்தன்று அவரிடம் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்றுதான் நான் முடிவுகட்டினேன்.

என் திட்டம் மிகச் சாதாரணமானது. வாங்க வந்தவன் கண்முன்னால் சரக்கைக் கொஞ்சம் ஆடவைத்தால், அவன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். டார்லாவின் மஞ்சள் கோடு இருக்கிற வண்டி, வாசலிலேயே தள்ளாடினால் போதும். ரஸ் திரும்பிப் போவார், வண்டி என்னிடம் தங்கும். அவ்வளவுதான் நான் விரும்பியது.

முதல் ஓட்டத்தன்று காலை, முன்சக்கரத்தை மட்டும் மாட்ட வேண்டியிருந்தது. அச்சின் நட்டை நான் இறுக்கி, அது கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு பின் ஊசியைச் செருகி அதன் இரண்டு கால்களையும் மடக்கிவிட்டுத் தன்னைக் கூப்பிடும்படி சொல்லிவிட்டு, ரஸ்ஸுக்குக் காபி போட வீட்டுக்குள் போனாள். நான் நட்டை விரலால் திருகி நிறுத்தினேன். பெயிண்ட் பேனா, ஆணியில் தொங்கிய அவள் மேலங்கிப் பையில் இருந்தது. கோடு போட்டேன். அவள் இழுப்பதுபோலவே, முனையில் சின்ன வாலோடு. நான் எதையும் கழற்றவில்லை, ஐயா. இறுக்காமல் விட்டேன், ஒரு கோடு போட்டேன். அவள் வந்து, "கூப்பிடச் சொன்னேனே" என்றாள்.

"நீதானம்மா இப்பப் பாத்துட்டுப் போன? மறந்துட்டியா?"

அவள் கோட்டைப் பார்த்தாள். சிரித்தாள். "ஆமா, உங்க வண்டியை விட எனக்குத்தான் இன்னிக்கு நடுக்கம். புத்தியே இங்க இல்ல." பிறகு அந்தப் பக்கம் அவள் கண் போகவே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்.

ஏறி உட்கார்ந்து, உதைத்தாள். இரண்டு வருஷமாக நாங்கள் சேர்த்த எஞ்சின் முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகத்தான். அவள் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"திரும்பி வந்ததும் குனிஞ்சு அந்த டேப்பைப் பிரிங்க, வியாபாரி. ரஸ், நீ வாயைத் திறந்த, கொன்னுருவேன்."

"பாத்துப் போம்மா" என்றேன்.

வாசலில் வண்டி தள்ளாடவில்லை. நேராகப் போயிற்று. ஆற்றின் மேலே மேட்டுச் சாலை வளைகிற இடம்வரைக்கும் நேராகவே போயிற்று.

பின் ஊசியைப் பற்றிக் கேட்கிறீர்கள். தள்ளாடினால் போதும் என்றால், நட்டைத் தளர்வாக விட்டது போதாதா, ஊசியின் கால்களை எதற்கு வெட்டினாய், தலையை மட்டும் எதற்குக் கிரீஸில் ஒட்டிவைத்தாய் என்கிறீர்கள். நல்ல கேள்வி. முழு ஊசி இருந்திருந்தால் நட்டு கொஞ்சம் ஆடி, அங்கேயே நின்றிருக்கும். அது எனக்குத் தெரியும். அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். என் சட்டைப் பையிலிருந்து நீங்கள் எடுத்த இரண்டு கம்பித் துண்டுகள் அவைதான்.

ரஸ்ஸும் நானும் அவர் காரில் போய்ச் சேர்ந்தபோது வண்டி சாலையோரத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. அடிவயிறு என் பக்கம் இருந்தது. டார்லா அதற்கு அப்பால் புல்லில் கிடந்தாள், அப்போது மூச்சு இருந்தது. ரஸ் அவளிடம் ஓடினார். நான் வண்டியிடம் போய், குனிந்து, டேப்பைப் பிரித்தேன். அவள் சொன்னதைத்தான் செய்தேன். சூட்டில் பசை இளகியிருந்ததால் சுலபமாக வந்தது.

இரண்டு பாதியிலும் ஒரே எண்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காத்திருந்த நேரத்தில் ரஸ்தான் அழுதுகொண்டே சொன்னார். நான் வாங்கும்போதே என் கூடு ஜோடி மாறிய கூடுதானாம். சரியான ஜோடிப் பாதி எப்படியோ பல வருஷத்துக்கு முன்பே ரஸ்ஸிடம் வந்திருக்கிறது. டார்லா மாதக்கணக்கில் கெஞ்சியிருக்கிறாள். அவர் அசையவில்லை. கடைசியில் அண்ணனுடைய நீல வண்டியைக் கொடுத்து, அந்தப் பாதியை வாங்கி, எனக்கே தெரியாமல் என் வண்டியில் வைத்திருக்கிறாள். "உன் மூஞ்சியைப் பாக்கணும்னு குழந்தை மாதிரி குதிச்சிட்டிருந்தா, வெண்டல்" என்றார்.

அதை நான் நம்புகிறேன், எண்ணைப் பார்த்தேனே. ஆனால் கணக்கு இடிக்கிறது, ஐயா. அருமையான வண்டி ஒன்றை ஒரு கிழவனுக்காக யாரும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. ஊறுகாய்க்காகக் கொடுப்பார்களா? என் வீட்டின்மேல் கண் இருந்திருக்கலாம். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ரஸ்ஸோடு வேறு ஏதாவது ஏற்பாடு இருந்திருக்கலாம். அவள் கொட்டகையை நன்றாகத் தேடுங்கள். ரஸ்ஸை இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஊசியை வெட்டியது நான். மஞ்சள் கோட்டைப் போட்டது நான். எங்கே என்று சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காபியை எடுத்துக்கொண்டு போங்கள், ஆறிவிட்டது. அவள் என்னிடம் எதை எதிர்பார்த்தாள் என்பது மட்டும் தெரிந்தால், உடனே ஆள் அனுப்பி எனக்குச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன். ஏதாவது இருந்தே ஆக வேண்டும்.