பறவை இறங்காத மண்

விடிய இன்னும் நேரம் இருந்தது. காஜா பெராங் ஊரிலிருந்து விமானத் திடல் இருக்கும் பத்து பெரெண்டாம் போகும் சாலையில் ஒரே ஒரு சைக்கிள்... மிதித்துக்கொண்டு போனவர் என் நண்பர் கணேசமூர்த்தியின் சித்தப்பா, தம்பிராஜா. சுதந்திரம் வரச் சில மாதங்களே இருந்த சமயம்.

விமானத் திடலில் பறவை விரட்டுவது அவர் வேலை. மண்ணெண்ணெய்த் தகரத்தை அடித்துக்கொண்டே ஓடுபாதை நெடுக நடப்பார். கொக்கு, மைனா, பருந்து... விமானம் இறங்குவதற்குள் எல்லாம் கிளம்பியாக வேண்டும். போன வாரம் ஒரு கொக்கு விமானத்தின் சுழல்விசிறியில் சிக்கிவிட்டது. விமானம் எப்படியோ தரை தொட்டது. ஆனால் திடலின் வெள்ளைக்கார அதிகாரி, துரை, சொல்லிவிட்டார்: இன்னொரு பறவை அடிபட்டால் உனக்கு வேலை இல்லை. வீட்டில் மனைவி கமலவேணிக்கு நிறைமாதம்.

அன்று வெளிச்சம் வந்ததும்தான் கவனித்தார். திடலின் மேற்கு மூலையில், பாய் விரிக்கும் அளவுக்கு ஓரிடம். சுற்றிலும் மைனாக்கள் மேய்கின்றன. அங்கே மட்டும் ஒன்றுகூட இறங்கவில்லை. தத்திக்கொண்டு வந்த ஒரு மைனா விளிம்பில் நின்றது... பிறகு சுற்றிக்கொண்டு போனது. தம்பிராஜா கிட்டே போனார். பூச்சிச் சத்தம் இல்லை. பாழுங்கிணற்று வாடை.

சாயங்காலம் அந்த மண்ணைச் சாக்கில் வாரி, ஓடுபாதையின் இரு பக்கமும் தூவினார்.

மறுநாள் திடலில் ஒரு பறவைகூட இல்லை. துரை முதுகில் தட்டிக்கொடுத்தார். தீயணைப்பு வண்டி ஓட்டும் ஹாஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னண்ணே, கொக்குக்கெல்லாம் லீவு எழுதிக் குடுத்து அனுப்பிட்டீங்களா?"

மண் எடுத்த இடத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அந்த மேக்கு மூலையா? புல்லு வெட்டுற ஆளுங்க அங்க கத்தியே வைக்க மாட்டாங்கண்ணே."

"ஏன்டா?"

"கேட்டா வாயத் தொறக்க மாட்டாங்க. அந்தச் சாக்கு இப்ப எங்க?"

சாக்கு வீட்டில் இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கூண்டு திறந்து கிடந்தது. கோழிகள் அத்தனையும் பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்தில். கொடியில் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது.

"இத யார் அலசுனது?"

"நாந்தாங்க. ஒரே மண்ணு. கைய வச்சா ஐஸ் மாதிரி..."

 அவர் சாக்கைச் சுருட்டிக்கொண்டு அந்த இருட்டிலேயே திடலுக்குத் திரும்பினார். அதே மூலையில் போட்டார். செருப்பை, சட்டையை, சைக்கிளைக்கூட அங்கேயே விட்டார். வழியில் ஆற்றில் இறங்கி, பல் கிட்டிக்கும்வரை முங்கினார். வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார்.

விடிந்துவிட்டது. கோழிகள் வாசலில் இருந்தன.

தம்பிராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெட்டை மெல்ல வந்தது... அவர் கால்மேல் ஏறி நின்றது. பின்னாலேயே மற்றவையும் வந்து காலைச் சுற்றிக் கொத்தின. அந்த முப்பது வயதுக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது. போய்விட்டது. விட்டுப் போய்விட்டது.

"வந்துட்டீங்களா?"

கமலவேணி சிரட்டையில் நொய்யோடு வெளியே வந்தாள். "பா... பா..." என்று இறைத்தாள்.

சடசடவென்று இறக்கைகள். கோழிகள் வேலி தாண்டி விழுந்தடித்து ஓடின. கூரையில் இருந்த காக்கைகள் கரையாமல் எழுந்து போயின. அவளைச் சுற்றி நொய் அப்படியே கிடந்தது.

"என்னாச்சு இதுங்களுக்கு?" என்று சிரித்தாள். அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க... ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்ல. உள்ள நடந்துக்கிட்டே இருக்கு."